இரண்டாவது தண்டவாளத்துக்கு விட்ட இடம்

பாம்பனில் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நடுவில் இருக்கும் தூக்குப் பாலத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். 72.5 மீட்டர் நீள இரும்புச் சட்டம் கப்பலுக்கு வழிவிட்டு, சாயாமல் கிடையாகவே 17 மீட்டர் எழும்புவது பார்க்க வேண்டிய காட்சிதான். எனக்குப் பிடித்தது அதற்குக் கீழே இருக்கிறது. அந்தப் பாலத்தின் அடித்தளமும் தூண்களும் இரட்டைப் பாதையைத் தாங்கும்படி கட்டியவை. மேலே இப்போது ஓடுவது ஒற்றைப் பாதை. பாதி இடத்தைக் காலியாக விட்டுத்தான் ரயில் விட்டிருக்கிறார்கள்.

கடலுக்குள் தூண் இறக்குவது தலைமுறைக்கு ஒருமுறை செய்கிற வேலை. கர்டர் ஏற்றுவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். இந்த ஊருக்கு இது புதிய பாடமும் இல்லை. 1914-ல் திறந்த பழைய பாலத்தை 1964 டிசம்பர் புயல் அடித்தபோது 126 கர்டர்கள் கடலோடு போயின. தூண்கள் பெரும்பாலும் நின்றன. நின்றதால்தான் இ.ஸ்ரீதரனின் குழு, கடலில் கிடந்த கர்டர்களையும் மீட்டுக்கொண்டு வந்து பூட்டி, 46 நாளில் மறுபடி ரயில் விட முடிந்தது. 2007-ல் அந்தப் பாலத்தையே வலுப்படுத்தி, மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப் பாதை போட்டார்கள்.

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் ஒரு பட்டியலோடு வந்து நின்றபோது எனக்கு அந்தத் தூண்கள்தான் ஞாபகம் வந்தன. "மாமா, அறுபதாயிரம் சேத்து வச்சிருக்கேன். கேமிங் பிசி அசெம்பிள் பண்ணணும். இப்ப சுமாரா இருந்தாப் போதும், பின்னாடி அப்கிரேட் பண்ணிக்குவேன்" என்றான். பட்டியலைப் பார்த்தேன். பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு. மிச்சத்தில் பெரும்பங்கு பிராசசருக்கு. மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் கடைசியில், கையில் மிஞ்சிய சில்லறைக்கு. கண்ணாடிக் கேபினெட், அதில் கலர் கலராக மின்னும் ஆறு ஃபேன். மேலே எக்ஸ்பிரஸ் விடப் பார்க்கிறான், கீழே பனைமரத் தூண்.

அப்கிரேட் என்ற சொல்லை நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கோ செய்த பிராசசர், வேறொரு நாட்டில் செய்த மெமரி, மூன்றாவது கம்பெனியின் கிராபிக்ஸ் கார்டு எல்லாம் ஒரே போர்டில் உட்கார்ந்து ஒன்றோடொன்று பேசுவதே அதிசயம். டிவியிலோ கைப்பேசியிலோ நாம் இப்படிப் பாகம் மாற்ற முடியாது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அவசர அவசரமாகச் செய்து வெளியிட்டது. எல்லாவற்றையும் தானே செய்ய நேரமில்லாமல், இன்டெலின் 8088 பிராசசர் உட்பட வெளியில் கிடைத்த பாகங்களை வாங்கிப் பூட்டியது. ஐந்து ஸ்லாட்டுகளைக் காலியாக விட்டு, மற்றவர்களும் அவற்றுக்கு கார்டு செய்யட்டும் என்று சர்க்யூட் வரைபடங்களோடு கையேடும் போட்டது. கார்டு மட்டுமா செய்தார்கள்? மொத்தக் கணினியையே நகல் எடுத்துவிட்டார்கள். ஐபிஎம் இழந்த சந்தை நமக்கு வந்த சுதந்திரம். 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் போர்டு அளவு இன்றும் அப்படியே நிற்கிறது. இன்று வாங்குகிற கேபினெட்டின் திருகுத் துளைகள் அந்தக் கணக்குப்படிதான். கிராபிக்ஸ் கார்டு மாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 2003-ல் வரையறுத்தது. புதிய கார்டைப் பழைய ஸ்லாட்டில் செருகினால், வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதுவும் ஓடும்.

மாறிக்கொண்டே இருப்பது பிராசசர் உட்காரும் சாக்கெட். கம்பெனிக்காரர்களின் பேராசை என்று இதைத் திட்டுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் உண்மையும் உண்டு. 2017-ல் இன்டெலின் எட்டாம் தலைமுறை பிராசசர், உருவத்தில் அதே சாக்கெட்டாக இருந்தும் முந்தைய தலைமுறை போர்டில் ஓடவில்லை. ஆனால் அடியில் ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. முன்பெல்லாம் மெமரியோடு பேசும் சர்க்யூட் போர்டில் இருந்தது. ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் அதைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. வேகம் கூடியது. ஆனால் அன்றிலிருந்து மெமரியின், அதாவது ராமின், கம்பிகள் நேராகப் பிராசசரின் காலுக்கு வருகின்றன. ராமின் தலைமுறை மாறினால் சாக்கெட்டும் மாறுவதுதான் வழக்கம்.

இதைத் தெரிந்துகொண்டால் எந்த போர்டுக்கு ஆயுள் அதிகம் என்று ஓரளவு கணிக்கலாம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் டிடிஆர்4 தலைமுறை மெமரியோடு வந்தது. 2017-ல் முதல் தலைமுறை ரைசன் மாட்ட வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரை மாட்ட முடிந்தது. ஐந்து வருடம், அதே தூண், நான்கு தலைமுறை கர்டர். டிடிஆர்5 வந்தபோது ஏஎம்4 போய் 2022 செப்டம்பரில் ஏஎம்5 வந்தது. 2027-க்கு அப்பாலும் அதற்குப் பிராசசர் தருவோம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. கம்பெனி வாக்கைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் பின்னால் ஏற்றிக்கொள்ள நினைக்கிறவனுக்கு ஏஎம்5 போர்டு என்பதுதான் என் தீர்ப்பு. பழைய ஏஎம்4 செட் மலிவாகக் கிடைக்கும், இன்றைக்கு நன்றாகவும் ஓடும். அது முடிந்துபோன பாதை, அவ்வளவுதான்.

அவன் பட்டியலில் நான் முதலில் அடித்தது கிராபிக்ஸ் கார்டை. முகம் சுண்டிவிட்டது. கார்டு வேண்டாம் என்றில்லை, இப்போது வேண்டாம். 2024 தொடக்கத்தில் வந்த ரைசன் 5 8600ஜி போன்ற பிராசசர்களுக்குள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருக்கிறது. வாலரண்ட், ஜிடிஏ 5 எல்லாம் அமைப்புகளைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் ஓடும். ஒரு நிபந்தனை மட்டும்: இந்தக் கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டால் மெமரிக்கும் பிராசசருக்கும் நடுவே பாதிப் பாதைதான் திறக்கும். எட்டு எட்டாக இரண்டு குச்சி போட்டால் முழுப் பாதையும் திறக்கும். மொத்தக் கொள்ளளவு ஒன்றுதான், விளையாட்டில் தெரிகிற வித்தியாசம் பெரிது. 2025 கடைசியில், செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எகிறிவிட்டது. எனவே 16-க்கு மேல் இப்போதைக்கு ஆசைப்படவில்லை.

அடித்த பணத்தில் கொஞ்சம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போனது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கித் தருகிற பெட்டி அது. மற்ற எல்லாப் பாகமும் அதன் தோளில்தான் நிற்கிறது. இன்று இவன் கணினிக்கு 200 வாட் தாராளம். நாளைக்கு ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி ஒரு கார்டு வந்தால் அது 115 வாட், அதற்கு மேல்பட்டது வந்தால் 180, 200. அதனால் நம்பகமான 650 வாட், 80 பிளஸ் புரோன்ஸ் சான்று உள்ளதாகப் பார்த்தோம். பாதிச் சுமையில் வேலை செய்யும்போது இந்தப் பெட்டி குறைவாகச் சூடாகும்; உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் 10 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டி, தூக்கினால் தக்கை மாதிரி இருக்கும் பெட்டிகளை நானும் வாங்கிக் கெட்டவன்தான். அது போனபோது தனியாகப் போகவில்லை, ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது.

இதுவரை சொன்னது மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் பொருந்தும். இனி தங்கச்சிமடம்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று கடைக்குத் தூக்கிப் போனால் மெக்கானிக் செய்கிற முதல் வேலை, ராமைக் கழற்றி அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது. பாதி நேரம் உயிர் வந்துவிடும். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்தப் பற்கள் செம்பு. அதன் மேல் நிக்கல், அதற்கும் மேல் தங்கம். இந்தக் கரையில் தாலி கறுக்காது, கொலுசு கறுக்கும். தங்கத்தை உப்புக் காற்று ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ராமில் பூசிய தங்கம் ஒரு மைக்ரானைவிட மெல்லியது, தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. அவ்வளவு மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். ஈர உப்பு அந்தத் துளை வழியே இறங்கிச் செம்பைப் பிடிக்கிறது. பித்தளைப் பாத்திரத்தில் ஏறும் அதே களிம்பு துளை வழியே மேலே கசிந்து தங்கத்தின் மேல் படர்கிறது. ரப்பர் களிம்பை எடுக்கிறது, கூடவே தங்கத்தையும் கொஞ்சம் எடுக்கிறது. பத்துத் தடவை தேய்த்த ராம் பதினோராவது தடவை எழுந்திருக்காததற்கு அதுதான் காரணம். ஐசோபுரோபில் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும்.

அலை உடையும்போது நுரைக்குள் கோடிக்கணக்கான குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் நுண்ணிய உப்புநீர்த் துளிகளைக் காற்றில் எறிகிறது. பெரிய துளிகள் கரையிலேயே விழும். சிறியவை காற்றோடு உள்ளே வரும். கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளினாலே உப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்கு ராமேஸ்வரம் தீவில் அதிகம் உதவாது. தீவே ஒரு ஒடுங்கின நிலம். தெற்கே மன்னார் வளைகுடா, இங்கே அதை ஆண் கடல் என்பார்கள். வடக்கே பாக் விரிகுடா, பெண் கடல். கச்சான் காற்று அடித்தால் தெற்குப் பக்கத்து உப்பு, வாடை அடித்தால் வடக்குப் பக்கத்து உப்பு. உலகத்திலேயே அமெரிக்காவின் மியாமிக்கு அடுத்தபடி இரும்பை அதிகம் தின்னும் இடம் பாம்பன் என்று ரயில்வே வட்டாரத்தில் ஒரு பேச்சு வெகுநாளாக உண்டு. புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்தது சும்மா இல்லை. துருவின் விஞ்ஞானத்துக்கென்று நாம் தூரதேசம் போகவும் வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் காரைக்குடியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் காயப்போட்டு எவ்வளவு அரிக்கிறது என்று அளந்திருக்கிறது.

உப்பு மட்டும் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, அரிக்கவும் செய்யாது. அது நனைய வேண்டும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதை எல்லா அடுக்களையிலும் பார்த்திருப்போம். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையும். கடல் உப்போடு சேர்ந்துவரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். பாக்கெட் உப்பைவிடக் கல்லுப்பு அதிகம் கசிவது இதனால்தான். கணினிக்குள் போய்ப் படிவதும் சுத்திகரிக்காத கடல் உப்புதான்.

இங்கே ஒரு அழகான கணக்கு வருகிறது. ராத்திரி, காற்றின் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவில் இது சாதாரணம். இதே காற்று கேபினெட்டுக்குள் போய் 45 டிகிரிக்குச் சூடானால், ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியேறாமலே ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால், அதே நீராவி அங்கே கொஞ்சமாகத் தெரிகிறது. சோடியம் குளோரைடு முழுக்க உலர்ந்துவிடும், மெக்னீசியம் குளோரைடும் விளிம்புக்கு வந்துவிடும். அதாவது ஓடுகிற கணினி தன்னைத் தானே காயவைத்துக்கொள்கிறது. அது நனைவது தூங்கும்போதுதான். மீன்பிடித் தடைக்காலத்து 61 நாளும் கிடப்பில் கிடந்த எஞ்சின்தான் முதலில் மக்கர் பண்ணும் என்று விசைப்படகுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தூக்கத்தில் ஒரு விஷமமும் உண்டு. நாம் ஷட் டவுன் செய்தாலும் சுவரில் சுவிட்ச் போட்டபடி இருந்தால் எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். பட்டனைத் தொட்டதும் எழுந்திருக்க அது வேண்டும். ஆறிப்போன போர்டு, நனைந்த உப்பு, நடுவே வோல்ட்டேஜ். இந்த மூன்றும் கூடினால் நேர்மின் கம்பியிலிருந்து உலோகம் அயனிகளாகக் கரைந்து, ஈரப்படலத்தில் நீந்திப் போய், எதிர்மின் கம்பியில் படியும். படிவது மொத்தையாக இல்லை, கிளை கிளையாக, பெரணி இலை மாதிரி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. ஒரு கிளை எதிர்க் கம்பியைத் தொடும் நாளில் போர்டு சாகும்.

ஏசி அறை இதற்குத் தீர்வு என்று அக்கா நினைத்தாள். ஏசி ஈரத்தை எடுப்பது உண்மை. ஆனால் 30 டிகிரி, 80 சதவீதக் காற்று 26 டிகிரி உலோகத்தைத் தொட்டாலே வியர்க்கும். ராத்திரி முழுக்க ஏசியில் கிடந்து 24 டிகிரிக்குக் குளிர்ந்த பெட்டி, காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஐஸ் மோர் செம்பு மாதிரி முத்து முத்தாக நீர் கட்டும். ஏசியை அணைத்தால் அறை கொஞ்சம் சூடேறும்வரை ஜன்னலைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

இந்த விஞ்ஞானம் கடைசியில் பட்டியலைத்தான் திருத்தியது. உள்ளே போகும் உப்பு உள்ளே போகும் காற்றின் அளவைப் பொறுத்தது. காற்று வேண்டியிருப்பது வெப்பத்தை வெளியே தள்ள. எனவே குறைந்த வாட்டில் ஓடும் பாகம் இங்கே மின்கட்டணத்தை மட்டும் மிச்சப்படுத்தவில்லை. ஆறு ஃபேன் மூன்றானது: இரண்டு காற்றை உள்ளே இழுக்க, ஒன்று வெளியே தள்ள. உள்ளே வருவது சற்று அதிகமாக இருந்தால் கேபினெட்டின் சந்து பொந்துகள் வழியே காற்று வெளியேதான் போகும், அவற்றின் வழியே தூசி நுழையாது. நுழைகிற காற்று எல்லாம் முன்பக்கத்து வலை ஃபில்டரைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். அந்த ஃபில்டர் கழற்றிக் கழுவக்கூடியதா என்று பார்த்து வாங்கினோம். உப்பு தண்ணீரில் கரைந்து போய்விடும், வேறு மருந்து தேவையில்லை. ஹீட்சிங்க்கில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அது ஒரு சின்ன பேட்டரியாகி அலுமினியம் கரையும். நிக்கல் பூசியதாகப் பார்த்தோம். ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு மூச்சுத் துளை இருக்கும். எஸ்எஸ்டியில் அது கிடையாது, எனவே எஸ்எஸ்டி.

வெப்பத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. இணையத்தில் வரும் கூலர் சோதனைகள் 21, 22 டிகிரி அறைகளில் செய்தவை. காற்றுக் கூலர் எதுவும் அறையைவிடக் குளிர்விக்காது. அறையின் வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்பதைத்தான் அது தீர்மானிக்கும். அங்கே 67 காட்டியது நம் மே மாத 34 டிகிரி அறையில் 79 காட்டும். பயப்பட ஒன்றுமில்லை. 90-ஐத் தொட்ட கூலர் மட்டும் இங்கே தேறாது.

பாகங்கள் சில மதுரையிலிருந்தும் சில சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் வந்து சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திண்ணையில் பாய் விரித்துப் பூட்டினோம். கிராபிக்ஸ் ஸ்லாட் காலி. கேபினெட்டின் பின்பக்கத்தில் அந்த ஸ்லாட்டுக்கு நேராக இருந்த தகடுகளைக் கழற்றிவிட்டால் காற்றோட்டமாக இருக்குமே என்று திருப்புளியை எடுத்தான். கார்டு வருகிற அன்றைக்குக் கழற்றிக்கொள்ளலாம், அதுவரை கச்சானுக்கு வாசல் திறக்க வேண்டாம் என்றேன். கார்டு வாங்க அடுத்த வருடம் தீபாவளியைக் குறித்து வைத்திருக்கிறான்.

போன வாரம் அக்கா போனில் சொன்னாள்: "ஃபேன் சுவிட்ச அமத்தச் சொன்னா காதுல வாங்காதவன்டா இவன். இப்ப ராத்திரி பன்னெண்டு மணிக்கு அந்தப் பொட்டிய நிப்பாட்டிட்டு, சுவத்துல உள்ள சுவிட்சையும் அமத்திட்டு, பின்னாடி ஒருதரம் கையை வச்சு சூடு இருக்கான்னு பாத்துட்டுத்தான் படுக்குறான். நீ அப்படி என்ன சொன்ன அவன்கிட்ட?"